வலித்தால் தட்டிவிடு, மக்களே

மக்களே ஷைனி,

நீ பயிற்சி முகாமுக்கு இரணியல் ஸ்டேஷனில் ரயில் ஏறி இன்றைக்கு இருபத்திரண்டு நாள். உன் பிள்ளை கெசியா நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதைப் படிக்கும்போது உனக்கு நெஞ்சு திக்கென்று ஆகும். அவளுக்கு ஒன்றும் இல்லை. புண் ஆறிவருகிறது, சாப்பிடுகிறாள், பள்ளிக்கூட வேனில் சண்டை போட்டு ஜன்னல் பக்கம் உட்காருகிறாள், நேற்று உன் அப்பாவின் கண்ணாடியை அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டிக்கு மாட்டிப் பார்த்தாள். போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை பார்த்தேன். உனக்குப் பின்னால் யாரோ கத்துகிறார்கள், விசில் அடிக்கிறார்கள், நீ "செரிம்மா, செரிம்மா, வைக்கட்டா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் எழுதுகிற கடிதம், பிழை இருந்தால் கோச்சிடம் காட்டிச் சிரிக்காதே. அடுத்த வீட்டு அனிஷா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். இன்னொரு நகல் போதகரம்மாவிடம் கொடுத்திருக்கிறேன், நம் சபையின் மாதத்தாளில் போடச் சொல்லி. மகளுக்கு எழுதுகிற கடிதத்தை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்பாய். ஊருக்கு முன்னால் நான் சொன்ன ஒன்றை ஊருக்கு முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது, மக்களே. இன்னும் பன்னிரண்டு நாளில் நீ அந்த மேட் விரிப்பில் ஏறுவாய். எத்தனையோ நாடுகள் கூடுகிற விளையாட்டு விழா, ஓட்டமும் நீச்சலும் வில்லும் துப்பாக்கியுமாக ஆயிரம் நடக்கிற இடத்தில் ஒரு மூலையில் உன்னுடைய ஜூ-ஜிட்சுவும் நடக்கும். தக்கலை முக்கில் உன் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். வடசேரி சந்தைக்குப் போகும்போதெல்லாம் பஸ் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கும். ஏறி இறங்குகிறவர்கள் உன் முகத்தைப் பார்க்கிறார்கள். "இது உனக்க மவள்லா" என்று கேட்டு எனக்கு உட்கார இடம் கொடுக்கிறார்கள். நான் பெருமையோடு உட்காருகிறேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் படத்தில் நீ இடது கையை மடக்கிப் பலம் காட்டிக்கொண்டு நிற்கிறாய். நான் பார்ப்பது அந்த முழங்கையை மட்டும்தான். அது ஏன் மடங்கியே இருக்கிறது, நீட்டினால் முழுசாக ஏன் நிமிராது என்று பஸ்ஸில் இருக்கிற யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் தெரியும். இப்போது உன்னோடு மோதப்போகிறவளுக்கும் தெரிந்திருக்கும், வீடியோ எல்லாம் பார்த்துத்தானே வருவார்கள்.

இந்த விளையாட்டு என்னவென்றே தெரியாமல் எத்தனை நாள் இருந்தேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். கல்லூரியில் ஜூடோ என்று சொன்னாய், கராத்தே மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சென்னையில் வேலைக்குப் போன இடத்தில் இதில் சேர்ந்தாய். கல்யாணம் ஆயிற்று, கெசியா பிறந்தாள், மாப்பிள்ளை மஸ்கட்டுக்குப் போனார், இனி இதெல்லாம் விட்டுவிடுவாய் என்று இருந்தேன். நீ ஊருக்கு வந்து மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியை வாடகைக்குப் பிடித்துப் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த ஆரம்பித்தாய். முதன்முதலாக நீ போட்டியிட்ட வீடியோவை உன் அப்பா போனில் காட்டினார். பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். "என்னட்டி இது, ஒருத்தி மேல ஒருத்தி ஏறிக் கெடக்கியா? இதுக்கா சோறு தின்னு வளந்த?" என்று கேட்டேன். "அம்மா, அதுக்குப் பேரு மவுண்டு. நாலு பாயிண்டு" என்றாய். உன் அப்பா பக்கத்தில் நின்று, "அப்பம் நான் சாயங்காலம் கட்டில்ல ஏறிக் கெடந்தா எத்தன பாயிண்டு மக்களே?" என்றார். அன்றைக்கு நாம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அப்போது பயம் இல்லை. தெரியாததற்கு எப்படிப் பயப்படுவது?

உன் வகுப்புக்கு ஒருநாள் கெசியாவோடு வந்தேன் அல்லவா, அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இதில் அடி கிடையாது, உதை கிடையாது. பிடித்துக் கீழே கொண்டுவந்து எதிராளியின் கையையோ காலையோ பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கழுத்தை நெருக்க வேண்டும். பூட்டு விழுந்தவள் இனி முடியாது என்று நினைத்தால் மேட்டிலோ எதிராளியின் உடம்பிலோ இரண்டு தரம் தட்ட வேண்டும். தட்டிய நொடியில் அவள் விட்டுவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு மூச்சு நேரம்கூடப் பிடிக்கக் கூடாது. தட்டியவளுக்குத் தோல்வி, ஆனால் கை கையாக இருக்கும். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு முதல்நாள் நீ ஒரு பிடியும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் முழுக்கத் தட்டுவதும் விடுவதும் மட்டும்தான். "வலி வாறதுக்கு முன்னாலயே தட்டணும் கேட்டியளா, வலிச்ச பொறவு தட்டினா பிந்திப்போச்சு" என்று நீ சொன்னதை நான் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாய். அதை நீ ஏன் செய்வதில்லை என்பதற்கான பதில் என்னிடம் இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

உனக்கு ஒன்பது வயது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சானல் கரையில் பிள்ளைகளோடு சாடிக் குதித்து விளையாடும்போது மதகுக் கல்லின்மேல் விழுந்தாய். நான் அண்டியாபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு வந்து அப்போதுதான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தல்லிய அண்டி முழுக்கப் பச்சையாக இருந்தது, பால் பட்டு என் விரல் பத்தும் எரிந்துகொண்டிருந்தது. நீ வாசலில் வந்து நின்று, "அம்மா, கை வலிக்கி" என்றாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை, மக்களே. திரும்பிப் பார்க்கவே இல்லை. "விழுந்தா வலிக்கத்தான் செய்யும். காயத்திருமேனி எண்ணெய் இருக்கு, எடுத்துத் தேய். நாளான்னைக்கு வசனப் போட்டி, கரஞ்சுக்கிட்டு நிக்காத" என்றேன். நீயே போய்க் குப்பியை எடுத்து ஒற்றைக் கையால் தேய்த்துக்கொண்டாய். சனிக்கிழமை நீ கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன். பார்த்தும், பயத்தில் மடி காட்டுகிறாள், வசனம் படிக்காமலிருக்க ஒரு சாக்கு என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ மேடையில் ஏறி இருபது வேத வசனத்தையும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாய். பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் கிண்ணத்தை வலது கையால் மட்டும் வாங்கினாய். இரண்டு கையாலும் வாங்கு என்று நான் கீழே இருந்து சைகை காட்டினேன்.

திங்கட்கிழமை உன் கை சேனைக்கிழங்கு மாதிரி வீங்கிக் கிடந்தது. அப்போதுதான் வர்ம வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மூணு நாளு இத வச்சுக்கிட்டு என்னத்தட்டி செய்த? இது எனக்க கையில நிக்காது, ஆசுபத்திரிக்கிக் கொண்டு போ" என்று விரட்டினார். ஆஸ்பத்திரியில் உடனே வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்றார்கள். எலும்பு கூடியது, கை நிமிரவில்லை. கை கொஞ்சம் வளைந்தே நின்றுவிட்டது. தண்ணீர்க் குடத்தை இடது இடுப்பில் எடுக்கும்போது மட்டும் நீ கொஞ்சம் சாய்வாய்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் அதைவிடப் பெரிய தப்பு. கோயிலில் பெண்கள் கூட்டத்தில், கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். எழும்பி நின்றபோது, மூணு நாள் நான் ஏன் பார்க்கவில்லை என்று எல்லாரும் என்னைக் கேட்பதுபோல எனக்கு ஒரு வெப்ராளம். அதனால் கதையைத் திருப்பிவிட்டேன். "எனக்க பிள்ள ஒடிஞ்ச கையோட மூணு நாளு நின்னா. ஒரு சொட்டு கண்ணீரு விடல்ல. கர்த்தர் அவளுக்கு அப்பிடி பெலன் குடுத்தாரு" என்றேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நீ முதல் வரிசையில் கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்க்காமல் இருந்த குற்றத்தை உன் வீரமாக்கிச் சொன்னேன், மக்களே. சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மையாகிவிட்டது. சபை நாளில் சொன்னேன், உபவாச ஜெபத்தில் சொன்னேன், உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னேன். உன் மாமியார், "அம்மாடி, இவ்வளவு அழுத்தமா?" என்று கேட்டதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், நியாயம் சொல்வதற்காக இல்லை. அஞ்சாம் கிளாஸ் முடிந்ததும் என் அம்மை என்னை அண்டியாபீஸில் கொண்டுபோய்விட்டாள். முதல் வாரத்தில் கைத்தோல் முழுக்க உரிந்தது. நான் அழுதேன். "சாம்பல்ல முக்கிக்கிட்டுத் தல்லு. கரஞ்சா அண்டி ஒடயுமா?" என்றாள். அவளும் அதே வரிசையில், அதே வேலையில், அதே எரிச்சலோடு உட்கார்ந்திருந்தவள்தான். அங்கே நூறு பெண்கள் இருந்தோம். ஒருத்தி அழுதால் நூறு பேருக்கும் அவரவர் கை எரிவது நினைவுக்கு வந்துவிடும், அதனால் யாரையும் அழவிடமாட்டோம். அந்தச் சட்டத்தை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் என் வீட்டில் ஒரு குழந்தைதான் இருந்தது, அவளை அழவிட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

இனி சென்னை. இந்த விழாவுக்கு ஆள் எடுக்கிற போட்டி என்று எங்களையும் வரச் சொன்னாய். உன் அப்பா முறுக்கும் ஏத்தம்பழச் சிப்ஸும் கட்டிக்கொண்டு, ரப்பர் பால்வெட்டுக்கு நாலு நாள் வேறு ஆளை வைத்துவிட்டு வந்தார். கடைசி ஆட்டத்தில் அந்த வடநாட்டுப் பெண் உன் இடது கையைப் பிடித்துவிட்டாள். இரண்டு காலையும் உன் நெஞ்சின்மேல் போட்டு, உன் கையைத் தன் வயிற்றோடு சேர்த்து இழுத்தாள். வேறு யாருக்காவது அந்தக் கை நேராகும் வரை நேரம் இருந்திருக்கும். உன் கை நேராகாது என்று எனக்குத் தெரியும். உன் கோச் மேட்டின் ஓரத்தில் முழங்காலிட்டு, "தட்டு! ஷைனி, தட்டு!" என்று கத்துகிறார். நான் எழுந்து நின்று என்ன கத்தினேன் தெரியுமா? தெரியும், ஏனென்றால் நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். "விடாத மக்களே! விட்டுராத!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தத்திலும் அது உனக்குக் கேட்டது. நீ தட்டவில்லை. உடம்பை முறுக்கினாய். முருங்கைக் கொப்பு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். நீ வெளியே வந்து அவள்மேல் ஏறி, இரண்டு பாயிண்டு வித்தியாசத்தில் ஜெயித்தாய். உன் அப்பா முன்னால் இருந்த ஆளைக் கட்டிப்பிடித்து, "புலியாக்கும்! எனக்க மவ புலியாக்கும்!" என்று குதித்தார், சிப்ஸ் எல்லாம் கீழே. நானும் கை தட்டினேன். இன்றைக்கும் காற்றடித்து நம் முற்றத்து முருங்கை ஒடிந்தால் நான் இருக்கிற இடத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைத் தூக்கிக் காட்டி, உள்ளே நார் கிழிந்திருக்கிறது, இன்னொரு தடவை இப்படி ஆனால் இந்தக் கை பழையபடி வராது, பிள்ளையைத் தூக்குவதுகூடச் சிரமம் என்றார். மருந்து வாங்க உன் அப்பா போனார். நாம் இரண்டு பேரும் பெஞ்சில் இருந்தோம். நீ தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாய்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவப்படாத."

"என்ன மக்களே?"

"அன்னைக்கு நான் கரஞ்சேன்."

"என்னைக்கு?"

"வசனப் போட்டி அன்னைக்கு. கோயிலுக்குப் பின்னால தண்ணித் தொட்டி இருந்துதுல்லா, அதுக்க மறவுல நின்னு கரஞ்சேன். பொறவு மொகத்தக் கழுவிக்கிட்டுதான் மேடைல ஏறினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எல்லாரிட்டயும் கரையலன்னு சொல்லியாச்சு. அதுக்குப் பொறவு எப்பிடிம்மா சொல்ல?"

உன் அப்பா வந்து, "என்ன, தாயும் மவளும் வாயில கொழுக்கட்டயா?" என்று கேட்டார். எழும்பி நடந்தோம். இருபது வருஷத்துக்கு மேலாக நீ அந்தத் தொட்டியின் மறைவிலேயே நின்றுகொண்டிருந்தாய் என்பது ரயிலில் திரும்பி வரும்போது எனக்குப் புரிந்தது. புரிந்தது என்று நினைத்தேன்.

ஏன் அப்படி எழுதுகிறேன் என்றால், நீ புறப்படுவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை உனக்காகக் கோயிலில் ஜெபம் வைத்தார்கள் அல்லவா, போதகர், "ஷைனிக்க அம்மா ரெண்டு வார்த்த சொல்லட்டும்" என்று மைக்கைத் தந்தார். இவ்வளவு பேர், இவ்வளவு பூ, உன் கழுத்தில் சால்வை. நான் திரும்பவும் அதையே சொன்னேன், மக்களே. ஒடிந்த கையோடு மூணு நாள், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. சென்னையில் நடந்ததையும் அதோடு சேர்த்தேன். கோச்சே தட்டச் சொல்லியும் என் பிள்ளை தட்டவில்லை என்றேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன். என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு கெசியா என் பக்கத்தில் நின்றாள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று கோயில் அதிர்ந்தது. நீ குனிந்து உன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். புதன்கிழமை இரணியலில் ரயில் வருவதற்கு முன்னால் மெதுவாகச் சொன்னாய், "அம்மா, இனி அந்தச் சாட்சிய சொல்லாத." நான், "ஏன்டி, வெக்கமா?" என்று சிரித்தேன். நீ கெசியாவை வலது கையில் தூக்கி முத்தம் கொடுத்தாய். இடது கையால் தூக்கவில்லை என்பதை நான் கவனித்தேன்.

போன சனிக்கிழமை கெசியாவைக் குளிப்பாட்டினேன். இரண்டு நாளாகத் தானே குளிப்பேன், நீளக்கைச் சட்டைதான் போடுவேன் என்று அடம்பிடித்தாள், ஏதோ பிடிவாதம் என்று விட்டிருந்தேன். சட்டையைக் கழற்றியதும் இடது மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு கொப்புளம். ஒன்று உடைந்து சட்டையில் ஒட்டியிருந்தது. அடுப்பில் கிடந்த வெந்நீர்ச் சருவத்தில் கையை வைத்திருக்கிறாள்.

"இது எப்பம் மக்களே?"

"வியாழக்கிழம."

"வலிக்கலியா?"

"வலிச்சுது."

"பின்ன ஏன் அம்மச்சிட்ட சொல்லல?"

அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து ரகசியம் போலச் சொன்னாள்: "நான் கரையல்ல அம்மச்சி. ஒரு சொட்டுகூட இல்ல. கோயில்ல மைக்குல என்னையும் சொல்லுவியா?"

நாலரை வயசு, ஷைனி. இரண்டு நாள் வெந்த கையோடு சோறு தின்று, பாட்டுப் பாடி, என் பக்கத்தில் படுத்து உறங்கியிருக்கிறாள். நான் இந்தத் தடவையும் பார்க்கவில்லை. நீ சானல் கரையிலிருந்து வந்த அன்றைக்கு உன்னைப் பார்க்காத அதே கண்தான். ஈரத்தோடு அவளைச் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் சத்தம் போட்டு அழுதேன். அவள் பயந்துபோனாள். என் தோளில் சின்னக் கையால் இரண்டு தரம் தட்டினாள். எனக்கு முதலில் விளங்கவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்தேன். மறுபடியும் இரண்டு தரம் தட்டி, "அம்மச்சி, தட்டினா விடணும். அம்மா சொல்லியிருக்கு" என்றாள். விட்டேன்.

உடனே டாக்டரிடம் கொண்டுபோனேன், தழும்பு பெரிதாக இருக்காது என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரிடம் மைக் கேட்டேன். உன்னைப் பற்றி ஏதோ நல்ல செய்தி என்று எல்லாரும் உட்கார்ந்தார்கள். கட்டுப் போட்ட கெசியாவின் கையைத் தூக்கிக் காட்டினேன். "நான் இத்தன காலம் சொன்னது சாட்சி இல்ல. எனக்க மவ கரஞ்சா. இந்தக் கோயிலுக்குப் பின்னால நின்னு கரஞ்சா. நான் பாக்கல்ல, அதுதான் உண்ம" என்றேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. உன் அப்பா ஆண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும் செல்லப்பாய் பெரியம்மை என் கையைப் பிடித்து, "எனக்க மூத்தவனுக்கு காது போனது நான் அடிச்சதுலதான், விழுந்தான்னு ஊருல சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அப்பா முணுமுணுத்தார். "ஊரே அவ தட்டமாட்டான்னு இருக்கு. இப்பம் நீ இப்பிடி சொன்னா, நாளைக்கி அவ அங்க போயி தட்டிற்று வந்தா சிரிக்கமாட்டினுமா?" என்றார். "சிரிக்கட்டும். அவிய சிரிச்சா எனக்க மவளுக்க கை ஒடியாது" என்றேன். சாயங்காலம் அவரே காயத்திருமேனி குப்பியை எடுத்து, "இத அவளுக்கு அனுப்ப முடியுமா, பிளேன்ல விடுவினுமா?" என்று கேட்டார்.

மக்களே, நீ தோற்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. எனக்கு ஆசை இருக்கிறது. உன் கழுத்தில் அந்தப் பதக்கம் தொங்க, பின்னால் நம் கொடி ஏற, கெசியா டிவியைத் தொட்டு முத்தம் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. அதற்காக நீ எவ்வளவு பட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு விடியும் முன்னால் ஓடப் போன உன் கால்செருப்பு சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள் நான். நீ பிடி, தள்ளு, ஏறு, ஜெயி. ஆனால் அவள் அந்தக் கையைப் பிடித்துவிட்டால், கோச் கத்துவதற்கு முன்னால், வலி வருவதற்கு முன்னால், உன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி தட்டிவிடு. என்னைத் தேடித் திரும்பிப் பார்க்காதே. கழுத்தைப் பிடித்தாலும் அப்படியே, கண் இருட்டும் வரை பொறுக்காதே. அவள் யாராக இருந்தாலும், எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும், விட்டுவிடுவாள். விடுவாள் என்று நம்பித்தானே இப்படி ஒரு விளையாட்டை உண்டாக்கியிருக்கிறார்கள். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

இதை எழுதி முடித்தால் பயம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. போன் அடித்தால் இன்னும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். நீ மேட்டில் ஏறுகிற அன்றைக்கு அனிஷா வீட்டு டிவியில் காட்டுவார்களாம். நானும் உன் அப்பாவும் கெசியாவும் போவோம். சென்னையில் நான் கத்தியது உனக்குக் கேட்டது. இந்தத் தடவை கடல் தாண்டி இருப்பாய், நான் என்ன கத்தினாலும் கேட்காது. அதனால் கத்தப்போவதை இப்போதே எழுதி அனுப்புகிறேன்: தட்டு மக்களே, தட்டு. அவள் உன் கையைப் பிடித்தால் நானும் கெசியாவும் அனிஷா வீட்டுத் தரையில் இரண்டு தரம் தட்டுவோம். கெசியா எனக்கு இப்போது தினமும் சொல்லிக்கொடுக்கிறாள். உள்ளங்கையை விரித்து, சத்தம் கேட்கிற மாதிரி தட்ட வேண்டுமாம். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை என்கிறாள்.

உன் அம்மா